சண்டை போடுவதை நிறுத்திய அமலநாதன்

"நான் சொல்றதுக்கெல்லாம் அவரு ஒத்துப்போறாரு சார். அதான் பயமா இருக்கு."

தன் போலீஸ் வாழ்க்கையில் இப்படி ஒரு புகாரை லட்சுமணன் கேட்டதே இல்லை. சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். போளூரில் தனசேகரனின் செல்போன் பழுதுபார்க்கும் கடையில்தான் அவருக்குப் பகல் பொழுது போகும். தனசேகரனுக்கு நாற்பது வயதாகியும் கடையைவிடத் துப்புத் துலக்குவதில்தான் ஆசை. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, வந்த அம்மாளுக்கு ஸ்டூலைத் தள்ளினான்.

வந்தவள் பெயர் சரிதா. மின்வாரிய அலுவலகத்தில் வேலை. ஐம்பதை நெருங்குகிற வயது, வீட்டில் வேறு யாரும் கிடையாது. அவளுக்கு ஜாஸ் இசை என்றால் உயிர். ட்ரம்பெட்டும் பியானோவும் ட்ரம்ஸுமாக, வாசிக்கும்போதே புதிதாகக் கற்பனை செய்துகொண்டு போவார்களே, அந்த இசை. போளூரில் அதைப் பேச ஆள் ஏது? ஆரணி, வேலூர், படவேடு என்று சிதறிக் கிடந்த ஏழெட்டுப் பேர் சேர்ந்து செல்போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். எந்தப் பதிவு உசத்தி, எந்தக் கலைஞர் எந்த வயதில் நன்றாக வாசித்தார், பழைய இசைத்தட்டை மறுபடி வெளியிடும்போது ஒலியைக் கெடுத்துவிட்டார்களா என்பதுதான் அங்கே பேச்சு.

அந்தக் குழுவுக்கு மூத்தவர் அமலநாதன். வனத்துறையில் இருந்து ஓய்வுபெற்று, மனைவியும் போன பிறகு, ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் மலைமேல் தனியாக இருக்கிறார். சரிதா அவரை நேரில் பார்த்ததில்லை. குரலும் புகைப்படமும்தான் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளுக்குப் போன் செய்து, அவள் எழுதியதெல்லாம் தப்பு என்பார். ட்ரம்ஸில் விழும் ஒரே ஒரு சிம்பல் அடிக்காக அரை மணி நேரம் வாதாடியிருக்கிறார்கள்.

"நாலு மாசமா போனை எடுக்கறதில்ல. டவர் இல்லன்னு எழுதறாரு. நான் இன்னா எழுதினாலும், 'உங்க கருத்துதான் என் கருத்தும்'ன்றாரு."

"எங்க வூட்ல யாராவது இப்படிச் சொன்னா நான் கோயிலுக்குப் பொங்கல் வெப்பேன்" என்றான் தனசேகரன். அவள் சிரிக்கவில்லை.

கடைசியாக வந்த செய்தியை எடுத்துக் காட்டினாள். பழைய நால்வர் குழு ஒன்றின் பதிவு, ஒலியை இடமும் வலமுமாகப் பிரித்துத் தரும் ஸ்டீரியோவில் புதிதாக வந்திருந்தது. பியானோ இடப்பக்கம் நிற்கிறது, ட்ரம்ஸ் வலப்பக்கம் நிற்கிறது, அருமை என்று அமலநாதன் எழுதியிருந்தார். சரிதாவின் சந்தேகம் அந்த வரியில்தான் முற்றியது. சின்ன வயதில் தேர்த்திருவிழா வெடியில் அவருக்கு இடது காது போய்விட்டது. ஒற்றைக் காதுக்கு இடமேது, வலமேது? எல்லா ஒலியும் ஒன்றாக வருகிற பழைய மோனோ தட்டுகளைத் தவிர வேறெதையும் அவர் மதிக்கமாட்டார். ஸ்டீரியோ என்பது ஒரே ஆளுக்கு ரெண்டு இலை போட்டுப் பரிமாறுகிற வேலை என்று திட்டியவர் அவர்.

தனசேகரன் துள்ளினான். "ஆள் மாறாட்டம்ணே. எவனோ அவரு போனை வெச்சிக்கினு எழுதறான். பேசினா குரல் காட்டிக்குடுத்துடும்னுதான் டவர் இல்லன்றான். அவர்கிட்ட இருக்கிற தட்டுக்கெல்லாம் நல்ல விலை போகும்ல?"

லட்சுமணன் அவளுடைய செல்போனை வாங்கிப் பழைய செய்திகளை மெல்ல மேலே தள்ளிப் படித்தார். இசை அவருக்குத் தெரியாது, ஆட்கள் தெரியும். ஸ்டீரியோவில் பியானோ இடப்பக்கம் நிற்பதை, அமலநாதனுக்கு முன்பே குழுவிலிருக்கும் வேலூர் புருஷோத்தமன் எழுதியிருந்தார்.

"முன்னெல்லாம் முதல் ஆளா எழுதினவரு, இப்போ எல்லாரும் எழுதி முடிச்ச பிறகு எழுதறாரு. பார்த்தீங்களாம்மா?"

அவள் கவனித்திருக்கவில்லை. "அவரு உயிரோட இருக்காரா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க சார். ஞாயித்துக்கிழமைல என்கிட்ட பேசறதுக்கு வேற யாரும் கெடையாது."

மறுநாள் காலை மூன்று பேரும் மலைப் பேருந்து ஏறினார்கள். தனசேகரன் வழியெல்லாம் திருடனைப் பிடிக்கும் விதத்தை விளக்கிக்கொண்டு வந்தான். சரிதா ஜன்னல் பக்கமே பார்த்திருந்தாள்.

வீடு சாமை வயல் ஒன்றின் ஓரத்தில், புளியமரத்தடியில் இருந்தது. அவர்கள் வாசலை நெருங்கும் முன்பே கதவு திறந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஓர் உயரமான கிழவர் வெளியே வந்தார். சரிதாவை உற்றுப் பார்த்தார்.

"சரிதாம்மாதான? போட்டோவுல பார்த்த மொகம். வாங்க, வாங்க."

அந்தக் குரலைக் கேட்டதும் சரிதாவுக்குக் கண் கலங்கியது. அது அவரேதான். தனசேகரனின் முகம் வாடிவிட்டது. செல்போனை எடுத்துப் பார்த்தவன், டவர் முழுசாக இருக்கிறதே என்று லட்சுமணனிடம் முணுமுணுத்தான்.

உள்ளே சுவர் முழுக்க இசைத்தட்டுகள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரையில் நாற்காலிக் கால்கள் வருஷக்கணக்காகத் தேய்த்த நான்கு தடங்கள் இருந்தன. ஆனால் நாற்காலி அங்கே இல்லை. ஜன்னலோரமாக, வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது. அமலநாதன் அதில் உட்கார்ந்து விடாமல் பேசினார். பேருந்துப் பயணம், சாமை அறுவடை, கோயிலுக்கு வந்திருக்கிற புது பாதர் என்று அடுத்தவர் வாய் திறக்க இடமில்லாத பேச்சு. பின்னால் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்த தனசேகரன், இதில் எது ரொம்பப் பழசு என்று கேட்டான். அவர் புது பாதரைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார்.

மேசைமேல் ஓர் இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து, ஊசி கடைசி வளையத்தில் மாட்டி டக், டக் என்று அடித்தது. அவர் எழுந்து எடுப்பார் என்று சரிதா காத்திருந்தாள். இசைத்தட்டு வைத்திருக்கும் யாரும் ஊசியை அப்படித் தேயவிடமாட்டார்கள். அவரோ எடுக்கவில்லை. அவருடைய பாதம் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அந்த டக்டக்குக்குப் பொருந்தாத, வேறு ஏதோ தாளம்.

டீ போட்டு வருகிறேன் என்று அவர் அறையின் மூலையிலிருந்த அடுப்புப் பக்கம் போய், இவர்களுக்கு முதுகு காட்டி நின்றார். கையெட்டும் தூரம்தான். லட்சுமணன் குரலைத் தாழ்த்தாமலே பேச ஆரம்பித்தார்.

"அம்மா, யாரும் ஆள் மாறாட்டம் பண்ணல. எழுதறது இவரேதான்."

தனசேகரன் பதறி அடுப்பைக் காட்டினான். லட்சுமணன் நிறுத்தவில்லை.

"டவர் இருக்கு, ஆனா போன் எடுக்கமாட்டாரு. வாசல்ல யாராச்சும் கூப்பிட்டா தெரியாதுன்னுதான் நாற்காலி ஜன்னலுக்கு வந்துடுச்சு. மொகத்தைப் பார்த்தா பதில் சொல்றாரு, பின்னாடி இருந்து கேட்டா இல்ல. தட்டு முடிஞ்சது தெரியாம கால் தாளம் போடுது. புதுசா வர்ற எதைப் பத்தியும் சொந்தமா சொல்ல அவர்கிட்ட ஒண்ணும் கெடையாது. அதனால மத்தவங்க எழுதறவரைக்கும் காத்திருந்து ஒத்துப்போறாரு. அந்த இடப்பக்கம் வலப்பக்கம்கூட புருஷோத்தமன்கிட்ட எடுத்ததுதான். நல்லா இருந்த வலது காதும் போச்சும்மா."

அடுப்பருகில் அமலநாதன் பொறுமையாக டீயை வடிகட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை டப்பாவை மூடினார். தம்ளர்களைத் தட்டில் வைத்துச் சிரித்த முகத்தோடு திரும்பியவர், சரிதாவின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"சொல்லிட்டாரா?" என்று லட்சுமணனைக் காட்டிக் கேட்டார்.

லட்சுமணன் எழுந்து தட்டை வாங்கிக்கொண்டார். பிறகு அவருக்கு நேரே நின்று, உதடு தெரியும்படி, மெதுவாக, "மன்னிச்சுக்கங்க சார். உறுதி பண்ணிக்க வேற வழி தெரியல" என்றார்.

வைகாசியில் வந்த காய்ச்சலாம். எழுந்து பார்த்தபோது புளியமரத்துக் காக்கை சத்தம்கூட இல்லையாம். இனி திரும்பாது என்று வேலூரில் டாக்டர் எழுதிக் காட்டினாராம். அமலநாதன் இதையெல்லாம் சம்பந்தமில்லாத யாரோ ஒருவருக்கு நடந்ததுபோலச் சொன்னார். சரிதா எழுந்து போய் ஊசியை எடுத்து வைத்தாள். அறை அமைதியானது. அவருக்கு அதில் வித்தியாசமில்லை.

ஏன் மறைத்தீர்கள் என்று அவள் அவர் முன்னால் வந்து கேட்டாள்.

"சொன்னா எல்லாரும் பாவம்னு விசாரிப்பீங்க. மருந்து சொல்லுவீங்க. பாட்டைப் பத்தி என்கிட்ட ஒருத்தரும் பேசமாட்டீங்க." அவர் கை துடைத்த துண்டை மடித்தார். "ஒத்துப்போனா மாட்டிக்கமாட்டேன்னு நெனைச்சேன். குழுவுல சொல்லணும்னா சொல்லிடும்மா. நான் விலகிக்கறேன்."

சொல்லப்போவதில்லை என்று அவள் தலையசைத்தாள். ஆனால், கேட்காத தட்டைக் கேட்டதாக இனிமேல் எழுதக்கூடாது என்றாள். அவர் அவள் உதட்டையே பார்த்திருந்துவிட்டு, சரியென்று ஒப்புக்கொண்டார். டீ ஆறிப்போயிருந்தது. நால்வரும் அதைக் குடித்தார்கள்.

கிளம்பும்போது, சுற்றிக்கொண்டிருந்த அந்தத் தட்டை உறையில் போட்டு அவளிடம் நீட்டினார். அது அந்த ஸ்டீரியோ மறுவெளியீடுதான்.

"திட்டறதுக்குன்னே வரவழைச்சேன். இது வந்து சேர்றதுக்குள்ள காது போய்டுச்சு. ஒரு தடவைகூட கேக்கல. பழைய பதிவு மனசுல ஓடுது, அதுக்குத்தான் கால் ஆட்டினேன். நீ கேட்டுட்டு எழுது. குழுவுக்கு வேணாம், எனக்கு."

திரும்பும் பேருந்தில், கேஸ் முடிந்ததா அண்ணே என்று தனசேகரன் கேட்டான். நமக்கு முடிந்தது என்றார் லட்சுமணன்.

ஞாயிற்றுக்கிழமை சரிதா வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் தட்டைப் போட்டாள். முழுப் பக்கமும் கேட்டாள். பிறகு வெகுநேரம் செல்போனை வைத்துக்கொண்டு, ட்ரம்பெட் எப்படி நுழைகிறது, பேஸ் வாத்தியம் எங்கே கனக்கிறது என்று எழுதி எழுதி அழித்து, கடைசியில் அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. "ரெண்டாவது பாட்டு. ட்ரம்ஸ்காரர் குச்சியை வெச்சிட்டு பிரஷ் எடுப்பாரே, அந்த உரசல் முன்னாடி நிக்குதா, பியானோவுக்கு அடியில அமுங்கிப்போச்சா?"

அவளுக்குத் தெரியவில்லை. கவனித்திருக்கவே இல்லை. எழுந்து போய், ஊசியைத் தூக்கி, இரண்டாவது பாட்டின் தொடக்கத்தில் வைத்தாள்.