வளர்பிறை வரட்டும்

காலை ஐந்து மணிக்கு அறவாழியின் கால்கள் எழுந்தன. அறவாழி எழவில்லை. கால்கள் அவரைக் கட்டிலிலிருந்து இறக்கி, செருப்பை மாட்டி, வாசலைத் தாண்டி நடத்திச் சென்றன. வழியெங்கும் அக்கம்பக்கத்தார் கண்ணை மூடியபடி நடந்துகொண்டிருந்தார்கள். சுழல்கூடத்தில் கூட்டம் நெரிந்தது. எல்லோரும் குறட்டை விட்டுக்கொண்டே ஓடினார்கள். நிலவின் தண்பொழில் குடியிருப்பில் புத்தாண்டின் முதல் வாரம் இப்படித்தான் இருக்கும்.

நிலவில் உடம்பின் எடை ஆறில் ஒரு பங்கு. சுமக்க எடை இல்லாவிட்டால் எலும்பு மெல்லக் கரைந்துபோகும். சுழல்கூடம் என்பது ஒரு பெரிய உருளை. அது சுற்றும் வேகத்தில் உள்சுவரில் நிற்பவருக்குப் பூமியில் இருக்கும் எடை திரும்பக் கிடைக்கும். தினமும் அங்கே ஓடுகிறவருக்கு எலும்புச் சான்று கொடுப்பார்கள். சான்று இல்லாதவரைப் பூமிக்குப் போகும் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். ஏற்றினால் போய் இறங்கும்போது முதுகு நொறுங்கிவிடும்.

அறவாழிக்கு இந்த வருடம் சான்று வேண்டும். பூமிக்குப் படிக்கப் போன மகள் மாதுமை, தூத்துக்குடியிலேயே வேலை தேடிக்கொண்டு, மாப்பிள்ளையையும் தேடிக்கொண்டு, பங்குனியில் கல்யாணம் என்று சொல்லிவிட்டாள். கப்பல் மாசியில் புறப்படுகிறது. மனைவி திலகவதி எப்போதோ சான்று வாங்கிவிட்டாள். காய்கறிக் கூடத்து வேலை முடிந்ததும், எந்தச் சபதமும் செய்யாமல், தன் காலாலேயே ஓடுகிறவள் அவள். அறவாழி அப்படியில்லை. வருடா வருடம் சபதம் செய்து, வருடா வருடம் பொங்கலுக்கு முன்பே கைகழுவுகிறவர்.

அதனால்தான் இந்த முறை உறுதிச்சில்லு. காதுக்குப் பின்னால் பதிக்கிற, அரிசியளவுச் சில்லு. இலக்கைச் சொல்லிவிட்டால் போதும். வேண்டிய நேரத்தில் உடம்பைத் தானே எடுத்துக்கொண்டு வேலையை முடித்துக் கொடுத்துவிடும். பதித்த அன்று சில்லு மருத்துவர் மங்கையர்க்கரசியிடம் அறவாழி வீராப்பாகச் சொன்னார்.

"டாக்டரம்மா, நல்லா பூட்டுப் போட்டுடுங்க. சுழல்கூடத்துக்குள்ள நுழைஞ்சா என் காலு சில்லுக்குத்தான் சொந்தம். நடுவுல நானே வந்து கெஞ்சினாலும் திறக்காதீங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க சார். வருஷம் முடியற வரைக்கும் போட்டது போட்டதுதான்."

"என்னை எனக்குத் தெரியாதாம்மா?"

முதல் சில நாள் சுழல்கூடத்தில் வியர்வையோடு கண் விழித்தார். பிறகு கட்டிலிலேயே கண் விழிக்கத் தொடங்கினார். ஓட்டி, துடைத்து, திரும்பக் கொண்டுவந்து படுக்கவும் வைக்கிறதே, பெற்ற தாய்கூட இப்படிப் பார்த்துக்கொள்வாளா என்று நெகிழ்ந்துபோனார்.

சனவரி பத்தாம் தேதி முதல் சரிபார்ப்பு. அவரவர் புத்தாண்டு இலக்கு எந்த மட்டில் இருக்கிறது என்று வரிசையில் நின்று தெரிந்துகொள்ளும் நாள். அறவாழி இஸ்திரி போட்ட சட்டையில் போனார். மங்கையர்க்கரசி திரையைப் பார்த்தார். பிறகு அறவாழியைப் பார்த்தார்.

"எலும்பு கொஞ்சம்கூட ஏறல சார். முதல் வாரத்துக்கப்புறம் நீங்க ஓடவே இல்ல."

"நான் எங்கம்மா ஓடறது? சில்லுதானே ஓட்டணும்!"

மருத்துவர் அவருடைய காதோரம் ஒரு கருவியை வைத்தார். வழக்கமாகக் காதுக்குள் மட்டும் கேட்கும் சில்லின் குரல் இப்போது வெளியே கேட்டது. அச்சு அசல் அறவாழியின் குரல்.

"மார்கழியில போய் யாராச்சும் நல்ல காரியம் ஆரம்பிப்பாங்களா? தை பிறக்கட்டும்."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அறவாழிக்குக் கூசிப்போயிற்று. போன வருடம் அவர் திலகவதியிடம் சொன்னது அது.

"முதல்ல வந்த சில்லெல்லாம் ஆளைத் தரதரன்னு இழுத்துட்டுப் போகும்," என்றார் மங்கையர்க்கரசி. "மனசு ஒரு பக்கம், காலு ஒரு பக்கம். நிறைய பேர் விழுந்து அடிபட்டாங்க. அதனால இப்ப வர்ற சில்லுக்கும் ஒரு இலக்கு வெச்சிருக்காங்க சார். உங்க குணத்தைப் படிச்சு, வருஷத்துக்குள்ள உங்களை மாதிரியே ஆயிடணும். உங்க பழைய பதிவெல்லாம் படிச்சிருக்கு. நல்லாவே படிச்சிருக்கு."

"கழட்டிடுங்கம்மா. கையெடுத்துக் கும்பிடறேன்."

"கெஞ்சினாலும் திறக்காதீங்கன்னு சொன்னது நீங்க." மருத்துவருக்கே பாவமாக இருந்தது. "சாவி என்கிட்ட இல்ல சார். வருஷக் கடைசியிலதான் அதுவா திறக்கும்."

அன்று மாலை அறவாழி, யாரும் சொல்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே ஓடப் போனார். உண்மையாகவே ஓட ஆசையாக இருந்தது. புத்தாண்டன்று நெரிந்த கூடத்தில் இப்போது திலகவதியும் இன்னும் நாலைந்து பேரும்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். வாசலைத் தாண்டியதும் அவருடைய கால்கள் நின்றுவிட்டன. தொடையில் தட்டினார். முழங்காலைக் கையால் தூக்கி வைத்துப் பார்த்தார். கால்கள் நிதானமாகத் திரும்பி அவரை வெளியே கொண்டுவந்து விட்டன. வீட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம். அங்கே எடை ஏது?

தை பிறந்தது. "காணும் பொங்கல் போயிடட்டும்," என்றது சில்லு. காணும் பொங்கல் போனது. "அஷ்டமி நவமி கழியட்டும்." கழிந்தது. "வளர்பிறை வரட்டும்." நிலவின் மேலேயே குடியிருந்துகொண்டு வளர்பிறைக்குக் காத்திருக்கிற ஜனங்கள் நம்மைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? வளர்பிறையும் வந்தது. "இன்னைக்கு வியாழக்கிழமை. பாதி வாரத்துல எதுக்கு? திங்கக்கிழமையிலேர்ந்து ஒழுங்கா ஆரம்பிச்சுடலாம்."

"டேய், என் பொண்ணு கல்யாணம்டா!" என்று அறவாழி கத்தினார்.

"எனக்குத் தெரியாதா? நாளைக்குக் கட்டாயம்."

அவர் அதை நம்பினார். அதுதான் கொடுமை. அவ்வளவு அக்கறையோடு சொன்னது அந்தக் குரல். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த திலகவதி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க சொல்லுது?"

"நாளைக்குக் கட்டாயமாம்."

"இத்தனை வருஷமா எனக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பத் தெரியுதா?" கேலியாகச் சொல்லத்தான் நினைத்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

மாசியில் கப்பல் போயிற்று. ஏறுவதற்கு முன்பு திலகவதி பெட்டியைத் திறந்து, அவருடைய பட்டு வேட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பங்குனியில் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு அறவாழி தனியாகத் திரை முன்னால் உட்கார்ந்தார். அங்கே தாலி கட்டி முடிந்து ஒரு நொடி கழித்துத்தான் இங்கே தெரிந்தது. அவர் வீசிய அட்சதை திரையில் பட்டு, மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறங்கியது.

மாதுமை மாலையும் கழுத்துமாகத் திரைக்கு அருகே வந்தாள். கண் மை கலைந்திருந்தது.

"அப்பா, அடுத்த கப்பல்லயாவது வந்துடுவீங்களா?"

என் கால் என்னிடம் இல்லையம்மா என்று சொல்ல வாயெடுத்தார். மகளின் முகத்தைப் பார்த்தபிறகு சொல்ல முடியவில்லை.

"கட்டாயம் வர்றேம்மா. சித்திரை ஒண்ணு வருதுல்ல, வருஷப் பிறப்பு? அன்னையிலேர்ந்து ஓட ஆரம்பிச்சுடறேன்."

காதுக்குள் சில்லும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது, ஒரு சொல் முன்பின் இல்லாமல். பிறகு மெல்லிய மணியோசை கேட்டது. திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு தோன்றியது. 'சில்லு தன் உரிமையாளரைப் போலவே ஆகிவிட்டது. இந்த ஆண்டுக்கான இலக்கு நிறைவேறியது. வாழ்த்துகள்.'

அந்த வருடம் தண்பொழிலில் புத்தாண்டு இலக்கை எட்டியவை சில்லுகள் மட்டுமே.