அம்மாவின் காருக்குள் ஒரு டன்னல்

அம்மாவின் பழைய காரில் அப்பா புதிய கியர்பெட்டி ஒன்றைப் பொருத்தினார். அது கொஞ்சம் பெரியது. அதற்கு இடம் விட, கார்த் தரையின் நடுவில் இருந்த மேட்டையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது முன் இருக்கைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை.

"இதை மூட இரும்புத் தகட்டுல புதுசா ஒண்ணு வளைக்கணும். டன்னல்னு சொல்லுவாங்க" என்றார் அப்பா.

"டன்னலா? உள்ளே ரயில் போகுமா?" என்று கேட்டாள் அவருடைய ஒன்பது வயது மகள். வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர்.

"கியர்பெட்டி இருக்கும். அது போதாதா உனக்கு?"

முதலில் அட்டையில் செய்து பார்த்தார்கள். அப்பா வெட்ட, வாண்டு டேப் ஒட்டினாள். அப்பா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து வெறுங்காலால் கிளட்சை மிதித்தார்.

"கச்சிதமா இருக்கு. தகட்டை வெட்டிடலாம்."

நல்ல தகடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தப்பாக வெட்டினால் அவ்வளவுதான்.

"அப்பா, அம்மா வெறுங்காலோடவா ஓட்டுவாங்க?"

அம்மா மின்கம்பம் ஏறி வேலை பார்ப்பவர். எப்போதும் தடித்த பூட்ஸ்தான் போடுவார். அப்பா தலையைச் சொறிந்தார்.

வாண்டு வீட்டுக்குள் ஓடினாள். அம்மாவின் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு தொப் தொப்பென்று வந்தாள். இருக்கையில் உட்கார்ந்தால் கால் எட்டவில்லை. சறுக்கிச் சறுக்கி, தலை ஸ்டீயரிங்குக்குக் கீழே போன பிறகுதான் கிளட்ச் எட்டியது. மிதித்தாள். பூட்ஸ் பெடலுக்கும் அட்டைக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. இழுத்தாள். கால் மட்டும் வெளியே வந்தது.

சிரித்துக்கொண்டிருந்த அப்பா சட்டென்று நிறுத்தினார். "ரோட்டுல போறப்ப இப்படிச் சிக்கியிருந்தா..." என்றவர் அட்டையின் பக்கவாட்டைத் தட்டிப் பார்த்தார். "ஆனா இதை உள்ளே தள்ளினா கியர்பெட்டி இடிக்குமே."

வாண்டு அட்டையின் ஓரத்தைத் தூக்கி, உள்ளே கையை விட்டுத் துழாவினாள்.

"பின்னாடி இடிக்குதுப்பா. பெடல் பக்கத்துல இடம் இருக்கு. என் கையை மடக்கினாக்கூடப் போகுது."

அப்பாவும் தொட்டுப் பார்த்தார். பிறகு பேனாவை அவளிடம் நீட்டினார்.

"நீயே கோடு போடு."

அந்தக் கோட்டில் அட்டையை வெட்டி, சாய்த்து ஒட்டினார்கள். இப்போது பூட்ஸ் தாராளமாகப் போய் வந்தது. அதன் பிறகே தகட்டை வெட்டி, வளைத்து, தட்டி, திருகாணி போட்டு முடுக்கினார்கள்.

மாலையில் வேலையிலிருந்து வந்த அம்மா, பூட்ஸைக் கழற்றாமலே காரில் ஏறிக் கிளட்சை மிதித்துப் பார்த்தார்.

"காலுக்கு நல்லா இடம் இருக்கே. யார் அளவெடுத்தது?"

அப்பா சுத்தியலால் பின் இருக்கையைக் காட்டினார். அங்கே வாண்டு பெல்ட் போட்டுத் தயாராக இருந்தாள்.

"பேசினது போதும்மா, வண்டியை எடுங்க."