நாலு பங்குக் களைப்பு

நூறாவது கிலோமீட்டரில் தெய்வானை மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தாள். அயர்வுமாற்றியில் பச்சை விளக்கு ஒழுங்காகத்தான் எரிந்தது. அப்படியென்றால் களைப்பில் முக்கால்வாசி வெளியே போய்க்கொண்டுதான் இருக்கிறது. மிச்சம் கால்வாசியே இப்படி ஆளைக் கொல்லுதே!

இந்தப் பட்டை வந்ததிலிருந்து மலையோட்டத்தில் யாரும் தனியாகக் களைப்பதில்லை. ஓடுகிறவரின் அயர்வை அளந்து, துணைக்கு வந்தவர்களின் பட்டைகளுக்கு அனுப்பிவிடும். அவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே கால் கடுத்துக் கிடப்பார்கள். தெய்வானைக்குத் துணை மூன்று பேர்: கணவர் சௌந்தரபாண்டி, கொழுந்தன் காசிமாயன், தபால் ஆபீஸ் தோழி ரோஸ்லின். போன இரண்டு வருடமும் கடைசி ஏற்றத்தில் நேரம் கடந்து, அவளை ஜீப்பில்தான் இறக்கினார்கள். மூன்று முறைக்கு மேல் பெயர் கொடுக்க முடியாது. இன்று மாலை நாலு மணிக்குள் உச்சியைத் தொடாவிட்டால் அவ்வளவுதான்.

ஏற்றத்தின் அடியில் ஜீப் நின்றது. சௌந்தரபாண்டி கம்பங்கூழை நீட்டியபடியே முனகினார்.

"யம்மா, என் முட்டியே போச்சு தெய்வான! நீ அதெல்லாம் யோசிக்காத, ஓடு."

"எனக்கும் இடுப்பு கழண்டுபோச்சு மதினி," என்றான் காசிமாயன்.

ரோஸ்லின் உப்பு மாங்காயைத் திணித்து முதுகைத் தட்டினாள்.

பாவம், எனக்காக இந்த மூன்று பேரும் படுகிற பாடு! அவர்கள் பட்டது வீணாகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். வாந்தி எடுத்தாள். அழுதாள். தவழ்ந்துகூட ஏறினாள். மூன்று ஐம்பத்தாறுக்கு உச்சிக்கொடியைப் பிடித்தாள்.

ஜீப்பில் முன்னாலேயே வந்துவிட்ட மூவரும் அங்கே குத்தாட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, முட்டி போச்சுன்னீங்க?"

சௌந்தரபாண்டியின் ஆட்டம் நின்றது. "கோவிச்சுக்காத. மலைப்பாதையில வண்டி ஓட்டணும்ல, கண்ணு சொருகிட்டா? என் பங்கைத் தம்பி பட்டைக்குத் தள்ளிட்டேன்."

"ரெண்டு பங்கை நான் எப்படி மதினி தாங்குவேன்? ரோஸ்லின் அக்காவுக்குத் தள்ளிட்டேன்."

ரோஸ்லின் விழித்தாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலையே! நீ நல்லா பயிற்சி எடுத்துருக்கன்னுல்ல நெனச்சேன்?" சட்டென்று வாயைப் பொத்தினாள். "அய்யோ தெய்வான, எங்க வீட்டுப் பால்காய்ச்சு!"

போன மாதம் ரோஸ்லின் புதுவீட்டில் பால் காய்ச்சியபோது, அவளுடைய களைப்பையெல்லாம் தெய்வானை தன் பட்டைக்கு வாங்கிக்கொண்டாள். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் அப்படிச் செய்வதுதான் அவர்கள் வழக்கம். விசேஷம் முடிந்ததும் இணைப்பைத் துண்டிக்க இருவருமே மறந்துவிட்டார்கள்.

போட்டி அலுவலர் பட்டைகளைச் சோதித்துவிட்டுச் சிரித்தார். "வெளியே போனது முக்கால். சுத்திக்கிட்டு இவங்ககிட்டயே திரும்பி வந்ததும் முக்கால்."

"அப்ப நாலு பங்கையும் நானேதான் சுமந்தேனா?" தெய்வானைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷம் வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"இப்பவாச்சும் என்கிட்ட அனுப்பு," என்று மூவரும் கையை நீட்டினார்கள்.

"வேணாம், இது என் களைப்பு. யாராச்சும் இந்த ஷூவை மட்டும் கழட்டி விடுங்க, குனிய முடியல."

"டேய் தம்பி, கழட்டிவிடு," என்றார் சௌந்தரபாண்டி.

"ரோஸ்லினக்கா, நீங்க பக்கத்துலதான நிக்கிறீங்க?" என்றான் காசிமாயன்.

ரோஸ்லின் தெய்வானையைப் பார்த்தாள். தெய்வானை தலையில் அடித்துக்கொண்டு, மெல்லக் குனிந்து, தானே முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.