காலி ஜன்னல்கள்

ரயிலை முழுக்கக் காலி செய்தாயிற்று. அப்படியும் மூன்றாவது பெட்டியின் ஜன்னலில் ஒரு கை ஆடிக்கொண்டிருந்தது.

'எந்த ஜென்மமோ' என்று பல் டாக்டர் தன் பல்லையே கடித்துக்கொண்டு கேமரா ஷட்டரை அழுத்தினார். கரும்புகையும் சூடான எண்ணெய் நாற்றமுமாக அந்தப் பழைய நீராவி எஞ்சின் பள்ளத்தாக்கின் வளைவில் மூச்சு வாங்கியபடி ஏறி வந்தது. இந்த உல்லாசப் பயண ரயிலைப் படம் எடுப்பவர்களுக்காகவே நடுவழியில் நிறுத்துவார்கள். எல்லோரும் இறங்கி, புல்மேட்டில் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் நிற்பார்கள். வால்பக்கத்து டீசல் எஞ்சின் ரயிலைப் பின்னுக்கு இழுத்துப்போகும். பிறகு நீராவி எஞ்சின் காலிப் பெட்டிகளோடு புகை கக்கிக்கொண்டு மறுபடி வரும். காலிப் பெட்டிகளோடு! இது கூடவா மண்டையில் ஏறாது?

கயிற்றோரக் கும்பலை அவர் மனிதர்களாக மதித்ததே இல்லை. எஞ்சினை எடுப்பதாக நினைத்துக்கொண்டு தங்கள் கட்டைவிரலைப் படமெடுக்கும் கூட்டம். வாரம் முழுக்க ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறவருக்கு விடுமுறையிலும் முகங்களைப் பார்க்கப் பிடிக்காது. தப்பித் தவறி யாராவது படத்தில் விழுந்தால் போனில் அதற்கென்று இருக்கும் ஒரு செயலியில் வைத்து விரலால் தேய்த்து அழித்துவிடுவார். இதுவரை எத்தனை பேரை அழித்தாரோ, அவருக்கே தெரியாது.

கேமராவிலிருந்து படம் போனுக்கு வந்தது. பெரிதாக்கிப் பார்த்தார். ஜன்னலில் ஆரஞ்சு சால்வையோடு சிரித்துக்கொண்டிருந்தது அவருடைய மனைவி.

காலையிலேயே கேட்டாள்தான். "ஜன்னல்ல நான் உக்காந்திருக்கற மாதிரி ஒண்ணே ஒண்ணு எடுங்களேன். நான் இருந்தா உங்க ரயில் தேஞ்சா போயிடும்?"

"நான் என்ன கல்யாண போட்டோகிராபரா?" என்று வாயை அடைத்திருந்தார்.

இறங்காமல் சீட்டுக்கடியில் ஒளிந்திருந்திருக்கிறாள். இந்த வயசில்! பக்கத்தில் நின்ற மீசைக்காரர் ஒருவர் தன் படத்தை முதல் ஆளாக ரயில் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்கு முந்தியாக வேண்டும். டாக்டர் அவள் முகத்தில் விரலை வைத்துத் தேய்த்தார். அக்கம்பக்கத்தில் இருப்பதை எடுத்து ஒட்டித்தான் அந்தச் செயலி ஓட்டையை அடைக்கும். அவள் இருந்த இடத்தில் பெட்டியின் பழுப்புப் பலகை வந்து உட்கார்ந்தது. பலகையிலிருந்த மர முடிச்சு ஒன்று பக்கத்துப் பக்கத்தில் மூன்று முறை விழுந்திருந்தது. எவன் கவனிக்கப் போகிறான் என்று போட்டுவிட்டார்.

ரயில் சற்றுத் தள்ளி நின்றது. அவளை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க மூன்றாவது பெட்டியில் ஏறினார். இரும்பு சூடாறும் 'டிக் டிக்' சத்தம் மட்டும் கேட்டது. அவள் இல்லை. சால்வை இல்லை. அவள் உட்கார்ந்திருந்த ஜன்னலே இல்லை. அந்த இடத்தில் பழுப்புப் பலகை இருந்தது. விரலால் தடவினார். முடிச்சு. அதே முடிச்சு. மறுபடி அதே முடிச்சு.

"என் வீட்டுக்காரி எங்கய்யா?" என்றார் ரயில் கார்டைப் பார்த்து.

"என்ன டாக்டர், தனியாத்தானே வந்தீங்க? பக்கத்து சீட்டு காலியாத்தானே இருந்துது? இறங்குங்க, இன்னொரு ஓட்டம் இருக்கு."

இவனுக்கெல்லாம் யார் யூனிஃபார்ம் கொடுத்தது என்று மனசுக்குள் திட்டினார். ஆனால் பயமாக இருந்தது. அழிப்பதற்கு முந்தைய படத்தைப் போனில் திறந்தார். அதிலும் பலகைதான். அவள் நம்பரைத் தேடினார். அப்படி ஒரு நம்பரே இல்லை.

அவர் இறங்கிக் கயிற்றுக்குப் பின்னால் வந்ததும் டீசல் எஞ்சின் ரயிலைப் பின்னுக்கு இழுத்துப்போனது. வெயில் இறங்கிவிட்டது. வளைவுக்கு அப்பால் விசில் ஊதியது. பழக்கதோஷத்தில் கேமராவைக் கண்ணில் வைத்தார்.

எல்லா ஜன்னலிலும் ஆட்கள்.

போனைத் தூக்கிப்பிடித்த ஆள். பலூன் வைத்திருந்த சிறுமி. தொப்பிக்காரர். எல்லோரையும் அவருக்குத் தெரியும். ஒவ்வொருவராக அவர் அழித்தவர்கள். அவரைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தார்கள். ஆனால் முகம் இல்லை. ஒருவருக்கு முகத்தில் சரளைக்கல். ஒருவருக்கு இலை. சிறுமிக்கு வெறும் வானம்.

மூன்றாவது பெட்டி. ஆரஞ்சு சால்வை. அதற்கு மேலே பழுப்புப் பலகை, மூன்று முடிச்சு. கை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

கயிற்றைத் தாண்டினார். ஓடினார்.

"யோவ்! ஃப்ரேமை விட்டு வெளிய வாய்யா!" கும்பல் கத்தியது.

"கத்தாதீங்கப்பா," என்றது மீசைக்காரரின் குரல், நிதானமாக. "ஒரே ஒரு ஆளுதானே. நான் தேய்ச்சுக்கறேன்."

ஜன்னலை நோக்கிக் கையை நீட்டினார். அவளும் நீட்டினாள். இன்னும் ஒரு சாண்தான். எட்டிப் பிடித்தார். பிடிபடவில்லை. குனிந்து தன் கையைப் பார்த்தார். மணிக்கட்டோடு கை முடிந்திருந்தது. அதற்கப்பால் புல். ஒரே புல், ஒரே வளைவு, பக்கத்துப் பக்கத்தில் மூன்று முறை.