வட்டத்துக்குள் ஒரு புள்ளி

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. சாக்பீஸால் தரையில் எழுதிய கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. அழிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

பதின்மூன்று வயதில் ஒரு பெண். அவள் அம்மாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஊரையே மேலும் கீழும் அனுப்பிவிட்டு அம்மா வீடு திரும்ப இருட்டிவிடும். அதனால் இவள் கழுத்தில் எப்போதும் வீட்டுச் சாவி தொங்கும். புதுப் பள்ளியில் அவளுக்குச் ‘சாவி’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். பேர் வைத்தார்களே தவிர, பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

மூன்று மாதமாக இப்படித்தான். கதவைத் திறந்தால் “வந்துட்டியா?” என்று கேட்க ஆள் இல்லை. ஃபிரிட்ஜ் மட்டும் ‘ங்ங்ங்’ என்று முனகும்.

“ஆமா, வந்துட்டேன்” என்று அதனிடம்தான் சொல்வாள்.

அம்மா சொல்லித்தான் சாரணியர் படையில் சேர்ந்தாள். அவளையும் சேர்த்து அணியில் ஏழு பேர். சாரணியருக்கு எதற்கும் ஜோடி வேண்டும். முடிச்சுப் போட ஜோடி, கூடாரம் கட்ட ஜோடி. ஏழு பேரை இரண்டிரண்டாகப் பிரித்தால் மிச்சம் சாவிதான்.

அந்தச் சனிக்கிழமை, தடம் தேடும் விளையாட்டு.

“ஒருத்தி முன்னாடி போய் வழி நெடுக அடையாளம் போடணும். மத்தவங்க அதைப் பார்த்துத் தேடிப் போகணும். யார் முதல்ல போறது?” என்றார் சாரணியர் ஆசிரியை.

ஆறு பேரும் தங்கள் ஜோடியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சாவியின் கை சும்மா இருந்தது. அதனால் அது மேலே போனது.

அம்புக்குறி போட்டால் ‘இந்தப் பக்கம் வா’ என்று பொருள். வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைத்தால் ‘நான் வீட்டுக்குப் போய்விட்டேன்’.

தெருத்தெருவாகச் சாக்பீஸால் அம்பு வரைந்துகொண்டே போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தாள் சாவி. ‘இன்னைக்கும் யாரும் நம்மளத் தேடி வரலைன்னா, திங்கட்கிழமை சாரணியர் ஸ்கார்ஃபைத் திருப்பிக் கொடுத்துட வேண்டியதுதான்’ என்று முடிவு செய்துகொண்டாள்.

எறும்பு வரிசை ஒன்று சுவரேறியது. அதில்கூட ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

நேரம் போனது. நிழல் நீண்டது. ஒருவரும் வரவில்லை.

தரையில் வட்டம் போட்டாள். புள்ளி வைக்கப் போன கை நின்றது.

‘வரப் பிடிக்காம இருக்காங்களா, இல்ல வழி தெரியாம எங்கயாவது நிக்கிறாங்களா? போய்ப் பார்க்காம எப்படித் தெரியும்?’

புள்ளி வைக்காமலே எழுந்தாள். தன் அம்புகளைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். முடிதிருத்தும் கடை வாசலில் ஓர் அம்பைக் காணோம். தரை ஈரமாக இருந்தது.

“அண்ணே, இங்க ஒரு அம்புக்குறி இருந்துச்சே?”

“அம்பா? கிறுக்கல்னுல்ல நினைச்சேன்! நாலு மணிக்கு வாசலைக் கழுவுவேன்மா. தலையில இருக்கறத வெட்டறதும் தரையில இருக்கறத கழுவறதும்தானே என் பொழப்பு.”

சாவி முந்தின தெருவுக்கு ஓடினாள். அங்கே அவள் போட்ட அம்பின்மேல் இரண்டு பேர். ஒருத்தி அணித் தலைவி ‘விசில்’. இன்னொருத்தி எல்லாரையும்விடச் சின்னவள் ‘கொசு’. கொசு கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றாள்.

“ஏய் சாவி! எங்கடி போய்த் தொலைஞ்ச?” விசில் போட்ட சத்தத்தில் காகம் பறந்தது.

“நீங்க ஏன் இங்கயே நிக்கிறீங்க?”

“தடம் தொலைஞ்சா ரெண்டு பேர் கடைசி அடையாளத்தை விட்டு நகரக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்கல்ல? மத்த நாலு பேரும் சந்து சந்தா உன்னைத் தேடுறாங்க.”

“ஒரு மணி நேரமாவா?”

“என் காலு மரத்தே போச்சு” என்றாள் கொசு.

“வீட்டுக்குப் போயிருக்கலாமே...”

“கேக்குறா பாரு கேள்வி! நீ அங்க தனியா உக்காந்திருப்பியே?”

சாவி கீழே பார்த்தாள். மிதிபட்டு மிதிபட்டு அந்த அம்பு பாதி அழிந்திருந்தது.

“என் வீடு பக்கத்துலதான்” என்றாள் மெதுவாக. “தண்ணி குடிக்க வர்றீங்களா? எல்லாரும்?”

விசில் தன் விசிலை மூன்று முறை ஊதினாள். நாலு திசையிலிருந்தும் நாலு பேர் ஓடி வந்தார்கள். ஆசிரியையிடம் சொல்லிவிட்டு ஏழு பேருமாகப் போனார்கள்.

வாசற்படியில் சாவி ஒரு வட்டம் போட்டு, நடுவே புள்ளி வைத்தாள்.

“என்னோடது எங்க?” கொசு சாக்பீஸைப் பிடுங்கினாள். பிறகு அடுத்தவள், அதற்கடுத்தவள். வட்டத்துக்குள் ஏழு புள்ளிகள்.

கதவு திறந்தது. உள்ளே ஃபிரிட்ஜ் முனகியது.

“வந்துட்டோம்!” என்றாள் சாவி.

கண்ணுகளா, உங்கள் வீட்டு வாசலிலும் வட்டம் பெரிதாக இருக்கட்டும். அதில் புள்ளி வைக்க ஆள் குறையாமல் இருக்கட்டும்.