கூடுவாய்க்குக் கீழே

கண்ணாடி ஓட்டில் ஒரு பாதத்தின் அச்சு இருந்தது.

ஓடு மேய்ந்தவர்களில் எவனோ சேற்றுக் காலை வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றுதான் அம்பிளி முதலில் நினைத்தாள். ஆனால் கர்க்கடக மாதத்து மழை விடியற்காலையிலிருந்து பய்யன்னூரையே கழுவிக்கொண்டிருந்தது. ஓட்டின் மேல் ஒரு மாவிலைகூட ஒட்டி நிற்கவில்லை, இந்தச் சேறு மட்டும் எப்படி நிற்கும்? ஒட்டடைக் கம்பின் நுனியில் ஈரத்துணியைச் சுற்றி, கீழே நின்றபடியே ஓட்டின் உட்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தாள்.

அச்சு அழிந்தது. துணியில் செம்மண்.

பயத்துக்கெல்லாம் இடம் கொடுக்கிறவள் இல்லை அம்பிளி. துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு, அடுப்பில் கிடந்த கஞ்சியைக் கிளறப் போனாள்.

பவித்ரன் பாக்கு மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போன நாளிலிருந்து இந்த வீடு அவனுக்குச் சிறையாகிவிட்டது. படிக்குப் படி உயரம், குளியலறையோ முற்றத்தின் கோடியில். ஊரெல்லாம் வீடு கட்ட பிளான் வரைந்து கொடுக்கும் அம்பிளி, தன் புருஷனுக்கு ஓர் அறை வரைய யாரைக் கேட்க வேண்டும்? சமையலறைக்கு மேற்கே, குளியலறையோடு சேர்த்து வரைந்தாள். வீட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு துண்டு வெற்றுத் தரை இருந்தது. அந்தக் குடும்பத்தில் யாரும் அதில் ஒரு துணிக்கொடிகூடக் கட்டியதில்லை. தெய்வங்கள் குடியிருக்கும் காவிலிருந்து ஆற்றுக்கு, குளிகன் என்னும் உக்கிர தெய்வம் போய்வரும் வழி அது. அந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு கீற்று வானத்துக்குத் திறந்தே கிடக்கும்.

பவித்ரனின் அக்கா நளினி, பிளானைப் பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ரூமை எவ்வளவு பெருசா வேணாலும் கட்டிக்கோ. ரெண்டு கூரையையும் தொட வைக்காதே. அவன் வழி அது."

"அவனுக்கு நடக்கத் தெரியும்ல, சேச்சி? சுத்திப் போகட்டும். என் புருஷனால நடக்க முடியாது."

"வாயைக் கழுவுடி!"

"இந்த மழையில அது தானா கழுவிக்கும்."

அந்தக் கூரையில் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பழைய வீட்டின் முகடு உயரம், புது அறை தாழ்வு. பழைய உத்தரத்தை அறுக்காமல் அதன் மேலேயே புதுக் கைமரங்களைத் தாங்கவைத்து, நடுவில் ஒரு சின்னக் கூரையை அமைத்தாள். இரண்டு சரிவுகளும் வந்து சேரும் கூடுவாயில்தான் எல்லா வீடும் ஒழுகும். அங்கே அகலமான துத்தநாகத் தகட்டை வளைத்துப் போட்டாள். கீழே நடையின் இரு பக்கமும் சுவர், வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி ஓடு. படுக்கையிலிருந்து அடுப்பங்கரை வரை சக்கர நாற்காலி உருண்டு வரலாம், ஒரு சொட்டு விழாது. அவள் வரைந்ததிலேயே நல்ல கூரை அதுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அந்தி சாயும் நேரத்தில் மின்சாரம் போயிற்று. விளக்கை ஏற்றிக்கொண்டு, கஞ்சிக் கிண்ணத்தோடு நடைக்குள் வந்தவள் நின்றாள். மழை ஓட்டின் மேல் ஒரே இரைச்சலாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு உள்பக்கமாக, தகட்டுக்கு இந்தப் பக்கமாக, வேறொரு ஓசை. மரத்தில் ஈரப் பாதம் ஒட்டி, பிரிந்து, மறுபடி ஒட்டும் ஓசை. வடக்குச் சுவர் வரை போனது. நின்றது. தெற்குச் சுவர் வரை வந்தது. நின்றது. புளித்த கள்ளின் வாசனையும் புதுமண்ணின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின.

அறைக்குள்ளிருந்து பவித்ரன் மெல்லச் சொன்னான். "மத்தியானத்திலிருந்து நடக்கறான், அம்பிளி. வழி தேடறான். ரெண்டு ஓட்டை எடுத்து விட்டுரு."

"இன்னைக்கு ஓட்டை எடுத்தா நாளைக்கு ரூமையே இடிக்கச் சொல்வாங்க. உங்களை மறுபடி மழையில தூக்கிட்டுப் போகணுமா? என்னால முடியாது."

விளக்கை உயர்த்தினாள்.

"இது என் வீடு. நடந்தா நட. அச்சு வச்சா துடைப்பேன். நாளைக்கும் துடைப்பேன்."

ஓசை நின்றது.

பிறகு, அவள் தலைக்கு மேலாக, அவசரமில்லாமல் அறைக்குள் போனது. புதுக் கைமரத்தில் சிவப்பாக ஒரு பாதம். அப்புறம் இன்னொன்று. கட்டிலுக்கு நேர் மேலே கடைசிப் பாதம். அதற்கப்பால் மரம் சுத்தமாக இருந்தது.

"அம்பிளி," என்றான் பவித்ரன். குரல் உடைந்திருந்தது. "கால் குளிருது."

ஒரு கணம் அவளுக்கு எல்லாமே மறந்துபோனது. குளிருதா? கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு ஓடினாள். நிஜமாகவே குளிருதா? அழுகையும் சிரிப்புமாகப் போர்வையை விலக்கினாள்.

அவன் உள்ளங்கால்கள் இரண்டிலும் ஈரச் செம்மண்.

விளக்கு அணைந்தது.

தீப்பெட்டி சமையலறையில். சுவரைத் தடவித் தடவிப் போனாள். எடுத்தாள். உரசினாள். ஈரம். மறுபடி உரசினாள். பற்றிக்கொண்டது. விளக்கோடு நடைக்குத் திரும்பினாள்.

அறைக்கதவு வழியே கட்டில் தெரிந்தது. காலியாக.

ஓசை. மெதுவாக. தலைக்கு மேலே.

பவித்ரன் வந்துகொண்டிருந்தான். கைமரத்தில் பாதம் பதித்து, தலைகீழாக, நேராக நிமிர்ந்து. தலைமுடி தரையைப் பார்த்துத் தொங்கியது. நடையில் கூரை தாழ்வல்லவா, அவன் முகம் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. கண்ணீர் நெற்றி வழியாக முடிக்குள் இறங்கியது.

"நடக்கறேன், அம்பிளி," என்றான். "நிக்கத்தான் முடியல. சுத்திப் போகச் சொல்றான்."

பாதம் பெயர்ந்தது. கூடுவாயைத் தாண்டி, பழைய கூரை இருட்டுக்குள் உயரமாக ஏறிப் போகும் பக்கமாக.

"விட மாட்டேன்."

விளக்கு விழுந்து உருண்டது. அவன் மணிக்கட்டுகள் இரண்டையும் பிடித்தாள். இழுத்தாள். சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள். மேலே அந்தப் பாதங்கள் மரத்தைவிட்டு அசையவில்லை. அவள் போட்ட கூரை. ஓர் ஆணி பிசகவில்லை.

இன்னொரு அடி வைத்தான்.

"விட மாட்டேன்! கேக்குதா? விட மாட்டேன்!"

இன்னொரு அடி. கூரை உயர்ந்தது. அவள் பிடி இறுகியது. குதிகால் தரையைவிட்டு எழும்பியது. பிறகு, கால்விரல் நுனிகளும்.