ஐந்தாவது ஒலிப்பதிவு

மழைக்குக் கொஞ்சம்கூட இங்கிதம் இல்லை. துடியலூர் ஜெராக்ஸ் கடையில் பத்துப் பேரை ஒரே கூரைக்கடியில் ஒண்ட வைத்துவிட்டு, அது பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது. லோகப்பிரியாவுக்கு அன்று மழையைக்கூடப் பிடிக்கவில்லை. கவுன்சலிங் செய்முறைத் தேர்வில் இரண்டாம் முறையும் அரியர். பயன்பாட்டு உளவியலில் முதுகலை படிக்கிறேன் என்று கருமத்தம்பட்டி முழுக்கச் சொல்லி வைத்தாயிற்று. இனி எந்த முகத்தோடு ஊருக்குப் பஸ் ஏறுவது...?

தேர்வுக்காக ஒரு பெண்ணோடு அவள் நடத்திய ஆலோசனைப் பேச்சை வரிக்கு வரி எழுதிய தாள்களை நகலெடுக்கக் கொடுத்திருந்தாள். கடைக்காரர் திருப்பிக் கொடுத்ததில் நான்கு குறைந்தன. திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் நின்றவன் அவற்றைப் படித்துக்கொண்டிருந்தான். போதாததற்கு உதட்டோரம் சிரிப்பு வேறு.

"ஏனுங்க, அது என்ற தாளுங்க."

"தெரியாம இதோட கலந்துருச்சுங்க... மன்னிச்சுக்குங்க." கொடுத்தான். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "பத்து நிமிசத்துல பதினாலு புத்திமதி சொல்லியிருக்கீங்க. அந்தம்மா பேசறதுக்கு எடமே குடுக்கலீங்களே?"

சுருக்கென்றது. தேர்வாளர் அரைமணி நேரம் சுற்றி வளைத்துச் சொன்னதை, முன்பின் தெரியாத இவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான். அதுதான் அதிகம் எரிந்தது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நிமிர்ந்தவள் அவன் கண்களைப் பார்த்தாள். உதடு சிரித்ததே தவிர, கண்கள் சிரிக்கவில்லை. ரொம்ப நாள் தூங்காதவனின் கண்கள்... கோபத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டாள்.

மழை விடுவதற்குள் விவரம் தெரிந்தது. பெயர் நவநீத், மதுக்கரைக்காரன், வீட்டில் பேசுவது தெலுங்கு. அதே படிப்பை நாலு வருடத்துக்கு முன்பே முடித்து, ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை மத்தியானங்களில் அந்தக் கடை மாடியில் டியூஷன் எடுக்கிறான். அடுத்த சனிக்கிழமை, வீறாப்பைக் கீழேயே விட்டுவிட்டு அவள் மாடியேறினாள்.

அவன் சொல்லிக்கொடுத்த விதமே தனி. முதலில் புத்தகத்தை மூடச் சொல்வான். ஒவ்வொரு வாரமும் அவன் ஒரு கற்பனை ஆளாக மாறுவான். மருமகளோடு பேசாத மாமியார்... வகுப்பில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் வாத்தியார்... அவள் ஆலோசகர். இருபது நிமிடம் போனில் பதிவு செய்து, பிறகு இருவருமாகத் திரும்பக் கேட்பார்கள். எங்கே குறுக்கே விழுந்தாள், எங்கே அவசரப்பட்டுத் தீர்வு சொன்னாள் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுவான். திட்டமாட்டான். இந்த மாமியார் உன்னிடம் என்ன கேட்டார் என்று மட்டும் கேட்பான். அவர் எதையும் கேட்கவில்லை, சும்மா சொல்லி ஆறத்தான் வந்தார் என்பது அவளுக்குத் தானாகவே விளங்கும்வரை காத்திருப்பான். இல்லாத முந்தானையை அவன் இழுத்துச் செருகும்போது மட்டும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

இரண்டாம் மாதம் அந்தப் பாடம் வீட்டிலேயே வேலை செய்தது. விசைத்தறிக் கொட்டகையிலிருந்து வந்து உம்மென்று உட்கார்ந்த அப்பா பாலுசாமியின் பக்கத்தில், எதுவும் கேட்காமல் அவளும் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் கழித்து, இறந்துபோன அம்மாவைப் பற்றி ஐந்து வருடத்தில் முதல்முறையாக அவர் வாய் திறந்தார். பேசி முடித்தபின் மெல்லச் சொன்னார்: "அம்மணி, இந்தத் தடவையும் நீ பாஸாகலீன்னா உன்னையப் பொண்ணு கேட்ட காங்கேயத்துக்காரங்களுக்குச் செரின்னு சொல்லிப்போடுவேன்." சொன்ன சொல் மாறாத மனிதர்.

தேர்வுக்கு இப்படி ஐந்து பதிவுகள் வேண்டும். ஒவ்வொன்றையும் வார்த்தை மாறாமல் எழுதியும் தர வேண்டும். நான்கு முடிந்திருந்தன. ஐந்தாவதற்கு நவநீத், சாய்ப்ரியா என்ற வங்கி ஊழியரானான். பதவி உயர்வுப் பரீட்சை என்றால் பயம்... அதுதான் பிரச்சினை. பத்து நிமிடம் சரியாகத்தான் போனது. பிறகு அவன் குரல் இறங்கியது.

"எங்கப்பா சாயங்காலமானா பக்கத்துல வந்து உக்காருவாருங்க. ஒண்ணும் பேசமாட்டாரு. எனக்குப் படிச்ச திமிரு... கேள்வியா கேப்பேன், யோசனையா சொல்லுவேன். ஒரு நாளு வர்றதை நிறுத்திப்போட்டாரு."

லோகப்பிரியா தன் பாடக் குறிப்பைப் பார்த்தாள். பேச்சு தடம் மாறினால் ஆலோசகர் மெதுவாகத் திருப்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. "ஏனுங்க, சாய்ப்ரியாவுக்குப் பரீட்சைதானுங்களே பயம்? நடுவுல அப்பா எங்கிருந்துங்க வந்தாரு?" என்று கேட்டு, அடக்க மாட்டாமல் சிரித்தும்விட்டாள்.

அவனும் சிரித்து வைத்தான். அன்று பதிவைத் திரும்பக் கேட்கவில்லை. தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டான். அடுத்த வாரம் ஒரு செய்தி மட்டும் வந்தது. பாடம் முடிந்தது, இனி நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அவ்வளவுதானா...? கூப்பிட விரல் போனது. கௌரவம் பிடித்து இழுத்தது. அவனுக்கே வேண்டாமென்றால் எனக்கென்ன வந்தது? இப்படி இரண்டு சனிக்கிழமைகள் மழையோடு போயின. தனக்குப் பிடித்துப்போனது பாடம் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சமர்ப்பிக்க ஒரு நாள் இருக்கையில், காலையில் ஐந்தாவது பதிவை எழுத உட்கார்ந்தாள். ஒரு வரி கேட்டு, நிறுத்தி, எழுதி... அந்த இடம் வந்தது. 'நிறுத்திப்போட்டாரு' என்பதற்கு முன்னால் அவன் மூச்சை இழுக்கும் சத்தம். அதற்குப் பின்னால் அவளுடைய சிரிப்பு. மறுபடி போட்டுக் கேட்டாள். மாமியாருக்கும் வாத்தியாருக்கும் விதவிதமாகக் குரல் மாற்றியவன் இந்த இடத்தில் எந்தக் குரலும் மாற்றவில்லை. மூன்றாம் முறை கேட்கையில்தான் விளங்கியது. யாரிடமும் சொல்லாததை ஒருத்தன் தன்னிடம் சொல்ல வந்திருக்கிறான்... தானோ அவனைப் பரீட்சைக்கு இழுத்துவிட்டிருக்கிறோம். வெட்கத்திலும் வேதனையிலும் அழுதாள். அழுது ஓய்ந்ததும் பதிவை அழித்தாள்.

சாயங்காலம் மதுக்கரையில் பஸ் இறங்கி, பேக்கரி பெஞ்சில் காத்திருந்தாள். வேலை விட்டு நனைந்தபடி வந்தான். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். அவன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். தப்பு உங்கள் மேல் இல்லை, நடிக்கிற இடத்துக்குச் சொந்தக் கதையைக் கொண்டுவந்தது நான்தான் என்றான். பதிவைத் தாராளமாகக் கொடுக்கச் சொன்னான்.

"அழிச்சுப்போட்டனுங்க."

அவன் பதறிப்போனான். "நாளைக்குக் கடைசி நாளாச்சுங்களே... செரி, இப்பவே உக்காரலாம். நான் வேற ஆளா வாரேன். இருபது நிமிசந்தானுங்க."

இருபது நிமிடம்... தேர்வும் முடிந்துவிடும், காங்கேயத்துப் பேச்சும் அடங்கிவிடும். லோகப்பிரியா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"ஆலோசனைக்கு வர்றவங்க மேல ஆலோசகர் ஆசை வெக்கக்கூடாதுன்னு விதி இருக்குதுங்க. இனி நடிப்புக்குக்கூட நீங்க எனக்கு அப்புடி வர முடியாதுங்க."

சொல்லிவிட்டாள். காதெல்லாம் சுட்டது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தக் கண்களில் முதல்முறையாக ஏதோ அசைந்தது.

"அரியர் விழுமுங்க," என்றான் மெதுவாக.

"விழட்டுமுங்க. ஊட்டுக்குப் போனதும் அப்பாகிட்டச் சொல்லிப்போடறேன்... உங்களைப் பத்தியும்."

"நாங்க வேற ஆளுங்க. அவரு ஒத்துக்குவாருங்களா?"

"மாட்டாருங்க. ஒரு வருசம் மூஞ்சி குடுத்துப் பேசமாட்டாரு. அதுக்கப்பறமும் என்னாகுமோ தெரியாதுங்க. ஆனா எனக்கு நீங்கதானுங்க."

மழை வலுத்தது. கோயம்புத்தூர் பஸ் ஒன்று வந்து, நின்று, போனது. அவள் எழவில்லை. அவன் உதடு சிரிக்கப் பார்த்து முடியாமல் துடித்தது.

"எனக்கும் நீங்கதானுங்க. அதனாலதான் அன்னைக்கு ஓடிப்போனேன். உங்க முன்னால அழுதுபோடுவேன்னு பயமுங்க." டீ டம்ளரைக் கீழே வைத்தான். "எங்கப்பா பேரு கண்ணையாங்க. அவரு போய்ச் சேந்து மூணு வருசமாச்சு. அத்தனை நாளு பக்கத்துல வந்து உக்காந்தாரே... என்ன சொல்ல வந்தாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க."

அவன் அழுதான். லோகப்பிரியா ஒன்றும் சொல்லாமல் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.